பள்ளியும் சாலையும்: மாணவர் உறையுள் பற்றிய கல்வெட்டுச் சான்றுகள்

தமிழில் கல்வி நிலையத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒன்று பள்ளி என்பது. இச்சொல் படுக்கை, உறங்குமிடம், துறவியர் உறையுள், சிற்றூர் எனப் பல பொருள் தரும். இப்பொருள்கள் யாவும் தங்குமிடம் என்னும் கருத்தில் ஒன்றுபடுதல் காண்க. பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் நின்று நிலவுகின்றது. துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அவர்பால் கற்கச் சென்றோர்க்கு அதுவே ஓதுமிடமும் ஆயிற்று. பின்னர் உறையுள் என்னும் பொருள் மங்கி ஓதுமிடம் என்னும் பொருளே ஓங்கியது. எனவே, கற்போன் தங்குதற்குரிய இடத்தைக் கல்வியினின்றும் வேறாக நம் முன்னோர் எண்ணவில்லை என்பதற்கு மொழியே முதற்சான்றாக அமைகின்றது.

இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் யாவற்றையும் எதிர்நோக்கி நிற்கும் வினா ஒன்றுண்டு. வறிய மாணவனும் தாங்கக்கூடிய செலவில், நெடுங்காலம் பழுதின்றி நிற்கக்கூடிய உறையுளைப் பல்கலைக்கழக எல்லைக்குள் அமைப்பது எவ்வாறு என்பதே அவ்வினா. இது கட்டடக் கலைஞர் விடைகாண வேண்டிய வினா என்பர் பலர். வரலாற்றாசிரியர்க்கும் இதில் பங்குண்டு என்பது எமது கருத்து. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் மாணவர் உறையுள் பற்றிய கணக்குகளை நாழியும் காசும் பிழையாமல் பதிந்து வைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றை ஈண்டு ஆராய்ந்து, அவை நமக்கு உணர்த்துவன யாவை, உணர்த்தாது மறைப்பன யாவை என்பதைக் காண்போம்.

கற்படுக்கைகள்

மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றிலுள்ள குகைகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாக அறிஞர் கருதும் அக்கல்வெட்டுகள், கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலரும் உறவினரும் உறையுள் அமைத்துத் தந்த செய்தியைக் கூறுவன. அவற்றில் அவ்வுறையுள் பள்ளி என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகின்றது. இச்சொல்லின் வரலாற்றில் இதனினும் பழைய சான்று கிடைத்தல் அரிது.

இத்தகைய குகைகளின் அமைப்பையும் நாம் நோக்குதல் வேண்டும். பாறையின் தரை தேய்த்து மெழுகப்பட்டுப் படுக்கையாக்கப்பட்டுள்ளது; தலைமாட்டில் சிறு மேடு தலையணைபோல விடப்பட்டுள்ளது. குகையின் முகப்பிலே, நெற்றி போன்ற பாறை விளிம்பில், நீண்ட காடி ஒன்று வெட்டப்பட்டுள்ளது. மழைநீர் பாறைவழியே உட்புகாமல் அக்காடியின் வழியே விலகி வெளியே சொட்டிவிடும். ஒரு விரற்கடை ஆழமுள்ள அவ்வெட்டு ஈராயிரம் ஆண்டுகளாகத் தன் தொழிலைச் செய்து வருகின்றது. செங்கல்லும் மரமும் வேண்டாது, உள்ள பாறையையே பயன்படுத்தி, ஈரம் புகாது காத்த அச்சிறு வேலைப்பாட்டை உறையுள் அமைப்போர் யாவரும் நேரிற்சென்று காணுதல் நன்று.

பார்த்திவசேகரபுரத்துச் சாலை

பள்ளியை அடுத்து நாம் காணும் சொல் சாலை என்பது. ஆய்குல மன்னனான கோக்கருநந்தடக்கனின் செப்பேடுகள் கி.பி. 866-ஆம் ஆண்டைச் சார்ந்தவை. வட்டெழுத்தில் தமிழ் உரைநடையில் அமைந்தவை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்றுநிலம் கொடுத்து இடம்பெற்று, அம்மன்னன் திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான்; 95 சட்டர்க்குச் சாலை ஒன்றும் நிறுவினான். சட்டர் என்பது மாணவரைக் குறிக்கும் சாத்திரர் என்னும் வடசொல்லின் திரிபு. பவிழிய சரணத்தார் 45 பேர், தைத்திரீய சரணத்தார் 36 பேர், தலவகார சரணத்தார் 14 பேர் என அவ்விடங்கள் வகுக்கப்பட்டன.

இச்சாலை காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி அமைந்தது என்று செப்பேடு கூறுவது பெரிதும் கருதத்தக்கது. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி அறிஞரிடையே நெடுநாள் வழக்கு உண்டு. ஆண்டுக் குறிப்பிடப்படும் கலம் மரக்கலமே என்பாரும், உண்கலமே என்பாரும் உளர். அவ்வழக்கை ஈண்டு முடித்தல் எமது நோக்கமன்று. காந்தளூரில் மாணவர் தங்கி உண்டு கற்ற நிலையம் ஒன்று, பிறர் பின்பற்றத்தக்க ஒழுங்குடன் விளங்கியது என்பதற்கு இச்செப்பேடு சிறந்த சான்று என்பதை மட்டும் கொள்வோம்.

ஒழுங்கு என்று கூறினோம். படைக்கலம் கொண்டு கூட்டத்திற்கு வருதல் கூடாது, ஒருவரை ஒருவர் இழித்துப் பேசுதலும் தாக்குதலும் தண்டத்திற்குரியன, பணிப்பெண்டிரைச் சாலையில் வைத்திருத்தல் கூடாது என்பன அச்செப்பேட்டில் காணப்படும் விதிகளுட் சில. பல இளைஞர் ஒரு கூரையின்கீழ் வாழும்போது எழும் இடர்கள் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரும் இவையாகவே இருந்தன என்பதை இவ்விதிகள் காட்டுகின்றன. அன்றியும், உறையுளை அமைத்தவன் அதன் கூரையை மட்டும் எண்ணவில்லை; கூரையின்கீழ் நடக்கவேண்டிய வாழ்க்கையையும் உடன் எண்ணினான் என்பதும் பெறப்படும்.

எண்ணாயிரத்து உணவுக் கணக்கு

சோழர் காலத்துச் சான்றுகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது எண்ணாயிரத்துக் கல்வெட்டு. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் இராசராச விண்ணகரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 1025-இல் பொறிக்கப்பட்டது அது. அங்கு 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இளமாணவர் 270 பேர் வேதங்களும் ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலும் ஓதினர். முதுமாணவர் 70 பேருள் 25 பேர் வியாகரணமும், 35 பேர் பிரபாகர மீமாஞ்சையும், 10 பேர் வேதாந்தமும் கற்றனர். இதன்பொருட்டு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

இளமாணவர் ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு நெல் ஆறு நாழி. முதுமாணவர் ஒருவர்க்கு ஒரு குறுணி இரு நாழி, அஃதாவது பத்து நாழி. இதனைக் கூட்டிப் பார்ப்போம். இளமாணவர்க்கு 1,620 நாழி, முதுமாணவர்க்கு 700 நாழி, ஆக நாள் ஒன்றுக்கு 2,320 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். எனவே நாட்செலவு 24 கலம் இரு குறுணி ஆகும். ஆண்டினை 360 நாளாகக் கொண்டால் மாணவர் உணவுக்கு மட்டும் 8,700 கலம் நெல் வேண்டும்.

இக்கணக்கினின்றும் நாம் அறிவது யாது? நிறுவியோர் முதலில் ஒருவனது ஒரு நாள் தேவையை அளந்தனர். அதனை ஆட்களாலும் நாட்களாலும் பெருக்கினர். பெருக்கி வந்த தொகைக்கு ஈடான விளைநிலத்தை ஒதுக்கினர். புதுச்சேரிப் பகுதியில் உள்ள திரிபுவனியில், முதலாம் இராசாதிராசன் காலத்தில், கி.பி. 1048-இல் 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் செய்யப்பட்ட அறமும் இவ்வாறு நிலத்தின் விளைவைக்கொண்டு நடந்ததே. மாணவனிடமிருந்து கட்டணம் பெறும் பேச்சு இவற்றில் எங்கும் இல்லை.

திருமுக்கூடல்: உறையுளின் முழுக்கணக்கு

உணவுக்கு எண்ணாயிரம் சான்றாவது போல உறையுள் முழுமைக்கும் சான்றாவது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் மதிற்சுவரில், வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1068-இல், 55 நீண்ட வரிகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, எபிகிராபியா இந்திகாவின் 21-ஆம் தொகுதியில் வெளிவந்துள்ளது. முன்னர்ச் சாலாபோகமாய் இருந்து 75 கழஞ்சு பொன் இறுத்துவந்த வயலைக்காவூரைக் கோயிலுக்கு உரிய தேவதானமாக்கி, அதன் வருவாயைக்கொண்டு நடக்க வேண்டிய செலவுகளை அது நிரல்பட வகுத்துரைக்கின்றது.

அச்செலவுகளுள் சனநாத மண்டபத்தில் அமைந்த கல்விச்சாலையும், மாணவர் உள்ளிட்ட 60 பேர்க்குரிய உண்டி உறையுளும், வீரசோழன் என்னும் பெயர் பெற்ற ஆதுலசாலையும் அடங்கும். ஆதுலர் என்பார் நோயுற்றோர். தங்குவோர்க்கு அரிசியும் கறியும் அளந்ததோடு கல்வெட்டு நிற்கவில்லை. படுக்கப் பாய், இரவில் எரிய விளக்கெண்ணெய், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெய், சமைப்பார்க்கும் ஏவல்செய்வார்க்கும் கூலி என ஒவ்வொன்றும் எண்ணி வைக்கப்பட்டது. பாய் கிழியும், எண்ணெய் தீரும், இளைஞர்க்குத் தலைமுழுக்கு வேண்டும் என்பனவற்றை நினைந்து எழுதிய கணக்கு இது.

ஆதுலசாலையில் நோயாளர் 15 பேர் கிடக்க இடம் இருந்தது. கோயிற்பணியாளரோடு மாணவரும் அங்கு மருந்து பெற்றனர். ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் மருத்துவக் காணி பெற்றவன். அவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வான் ஒருவனுக்கு 30 கலம். மூலிகை கொணர்வார் இருவர்க்கு 60 கலமும் 2 காசும். மருந்தூட்டிப் பேணும் பெண்டிர் இருவர்க்கு 30 கலமும் ஒரு காசும். நாவிதன் ஒருவனுக்கு 15 கலம். தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் முதலாகச் சற்றொப்ப இருபது மருந்துகள் ஓராண்டுக்கு எவ்வளவு இருப்பில் இருத்தல் வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டது. இரவு முழுதும் அங்கு ஒரு விளக்கு எரிந்தது.

இந்நெற்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு குறுணியை 360 நாளால் பெருக்கினால் சரியாக 30 கலம் வரும். எனவே மருத்துவனுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி, அறுவை செய்வானுக்கு ஒரு குறுணி, மூலிகை கொணர்வான் ஒருவனுக்கு ஒரு குறுணி, பேணும் பெண் ஒருத்திக்கு நானாழி, நாவிதனுக்கு நானாழி என்பது தெளிவாகும். ஆண்டுத் தொகையாகத் தோன்றுவன யாவும் நாட்தொகையின் பெருக்கமே. மருத்துவப் பணியாளர் எழுவர்க்கும் ஆகும் நெல் 225 கலம். எண்ணாயிரத்து இளமாணவன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 22½ கலம். அளவைகள் ஊர்தோறும் சிறிது வேறுபடும் ஆதலின் இதனை முற்றும் ஒப்பிடுதல் இயலாதெனினும், ஒரு கோயில் வளாகத்து மருத்துவப்பணிக்கு ஆன நெற்செலவு ஏறத்தாழப் பத்து மாணவர் உணவுக்கு ஈடாயிற்று என்று கொள்ளலாம். பெருஞ்செலவு என்று எவரும் தள்ளிவிடத்தக்க தொகை அன்று அது.

புதுக்குப்புறம்

கட்டடம் நாளடைவில் பழுதுறும் என்பதையும் அக்காலத்தார் மறந்திலர். திருப்பணிக்கென்று, அஃதாவது பழுது பார்த்துப் புதுக்குதற்கென்று, ஒதுக்கிய நிலத்திற்குப் புதுக்குப்புறம் என்று பெயர். மடத்திற்கு விட்ட நிலம் மடப்புறம். சாலைக்கு விட்டது சாலாபோகம். இச்சொற்கள் கல்வெட்டுகளில் வந்து பயில்வன.

இவ்வெண்ணம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. சுவர்ணத்வீபத்து மன்னன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் எடுப்பித்த விகாரத்திற்குப் பாலமன்னன் தேவபாலன் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஐந்து ஊர்களை வழங்கினான். அச்செப்பேட்டில் துறவியரின் உணவு, உடை, படுக்கை, மருந்து, நூல்களைப் படியெடுத்தல் ஆகியவற்றோடு, உடைந்தும் வெடித்தும் போன பகுதிகளைச் சீர்செய்தலும் அறத்தின் பயனாக எண்ணப்பட்டுள்ளது. இதனைப் போன்றே, கடல்கடந்த ஸ்ரீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கினான் என்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. எடுப்பித்தவன் ஒருவன், அது நாளும் நடத்தற்கு ஊர் கொடுத்தவன் வேறொருவன். எடுப்பித்தலோடு அறம் முடிவதில்லை என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

உறையுளில் இடம் பெறாதார்

இதுகாறும் கூறியவை நம் முன்னோரின் திறத்தைப் புலப்படுத்துவன. ஆயினும், ஆய்வாளன் கல்வெட்டில் உள்ளதை மட்டும் படித்து மகிழ்தல் சாலாது. இல்லாததையும் நோக்குதல் கடன். பார்த்திவசேகரபுரத்து 95 இடங்களும் எண்ணாயிரத்து 340 இடங்களும் வேதம் ஓதும் மரபினர்க்கே உரியனவாக வகுக்கப்பட்டன. எண்ணாயிரத்துப் பாடப்பட்டியலில் தமிழ் இல்லை. நாற்பத்தைந்து வேலியை உழுது 8,700 கலத்தை விளைவித்துத் தந்த குடிமகனின் மகனுக்கு அவ்வுறையுளில் ஒரு பாயும் விரிக்கப்படவில்லை. திருமுக்கூடலில் நோயாளரைப் பேணிய பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு நானாழி. எண்ணாயிரத்தில் ஓதிய சிறுவனுக்கு ஆறு நாழி. கூலியும் உணவும் ஒன்றல்ல என்பதும், பெண்ணுக்குச் சிறிது காசும் உண்டு என்பதும் உண்மையே. எனினும் அக்காலத்துச் சமுதாயத்தின் நிறைகோல் எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அறிய இவ்வெண்களே போதும்.

ஆகவே, மாணவன் ஒரு காசும் தராமல் தங்கிய அவ்வுறையுள் செலவின்றி நடந்தது என்று கருதுதல் பிழை. செலவைத் தாங்கியவன் வேறு. பயன் கொண்டவன் வேறு. பழம்பெருமை பேசும் நூல்கள் பலவும் இவ்வேறுபாட்டைச் சொல்லாது விடுதல் வருந்தத்தக்கது.

சத்திரத்திலிருந்து விடுதிக்கு

இந்நிலை மாறுதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தஞ்சை மராட்டிய மன்னர் வழிச்செல்வோர்க்கெனப் பல சத்திரங்களை நிறுவினர். அவை வழிப்போக்கர்க்குச் சோறிட்டதோடு, வேதம் ஓதுவிக்கும் ஆசிரியரையும் மருத்துவரையும் வைத்துப் போற்றின என்று இரண்டாம் சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கிலேய அலுவலர்க்கு எழுதிய மடலில் விளக்குகின்றார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவர் காலத்ததே. உணவு, உறையுள், ஆசிரியர், மருத்துவர் ஆகிய நான்கையும் ஒருங்கே காணுந்தோறும் திருமுக்கூடல் நம் நினைவிற்கு வருகின்றது. எழுநூறு ஆண்டு கழிந்தும் அம்முறை மறையவில்லை.

பின்னாளில் சத்திரங்களின் ஆட்சி தஞ்சை மாவட்டக் கழகத்தின் கைக்கு வந்தது. 1920-களில் அக்கழகத்தின் தலைவராய் விளங்கிய ஏ.டி. பன்னீர்செல்வம், ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் சத்திர நிதியால் நடந்து, ஒரு வகுப்பார்க்கே பயன்பட்டுவந்த மாணவர் விடுதிகளை ஏனையோர்க்கும் திறந்துவிட்டார். வடமொழிக்கே உரியதாயிருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்க் கல்விக்கு இடம் கிடைத்ததும் அக்காலத்திலேயே. அதில் கரந்தைத் தமிழ்ச்சங்கத்து உமாமகேசுவரனாரின் பங்கும் உண்டு. புதிய நிலமோ புதிய நெல்லோ இதற்கு வேண்டப்படவில்லை. அறம் பழையதே, அதன் வாயில் மட்டும் அகலத் திறக்கப்பட்டது. எண்ணாயிரத்துக் கல்வெட்டில் நாம் காணாத மாணவன் ஒன்பது நூற்றாண்டு கழித்து ஒரத்தநாட்டில் பாய் விரித்தான். தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அந்நாளை மறத்தல் ஆகாது.

1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உறைந்து கற்கும் பல்கலைக்கழகமாகத் தோன்றியதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியேயாம்.

முடிவுரை

இச்சான்றுகளால் பெறப்படும் கருத்தினைத் தொகுத்துரைப்போம். இன்று விடுதி ஒன்றை வகுப்போர் முதலில் கேட்பது, கட்ட எவ்வளவு ஆகும் என்பதே. நிதி ஒதுக்கீடும் பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடுகின்றது. திறப்பு விழாவிற்குப் பின்னர்க் கூரை ஒழுகுவதற்கும், நீர்க்குழாய் பழுதாவதற்கும், சமையற்காரர் கூலிக்கும், நோயுற்ற மாணவனுக்கும் உரிய பொருள் எங்கிருந்து வரும் என்பது பிற்பாடு எழும் வினாவாகிவிடுகின்றது. அவ்வினாவிற்கு விடை காணாதபோது கட்டணம் உயர்கின்றது. உயர்ந்த கட்டணத்தைத் தாங்க மாட்டாத மாணவன் ஊர் திரும்புகின்றான்.

திருமுக்கூடற் கல்வெட்டை வகுத்தவர் இதற்கு மறுதலையாக நின்று எண்ணினர். ஒருவன் ஒரு நாள் வாழ என்ன வேண்டும் என்பது அவர்தம் முதல் வினா. உணவும் பாயும் விளக்கும் எண்ணெயும் மருந்தும் ஏவலும் அதற்கு விடையாயின. அவ்விடைக்கு ஈடான வருவாய் ஆண்டாண்டும் வருதற்கு வழி செய்தபின்னரே அதனைக் கல்லில் வெட்டினர். உறையுளை நெடுநாள் நிறுத்துவது சுவரின் கனம் அன்று; அதற்கென ஒதுக்கிய புறமே என்பது அவர் கண்ட உண்மை. இன்று ஊரையும் வேலியையும் ஒதுக்க இயலாது. ஆயினும் விடுதி ஒவ்வொன்றிற்கும் புதுக்குப்புறம் போன்றதொரு நிலைநிதியைத் தொடக்கத்திலேயே வைத்தல் இயலும். மழைநீரை விலக்கிய கற்படுக்கைக் காடி போல, பின்வரும் செலவை முன்கூட்டியே விலக்கும் எளிய வேலைப்பாடுகளைக் கட்டுங்காலத்திலேயே செய்து வைத்தலும் இயலும்.

அவர் காணாத உண்மை ஒன்றும் உண்டு. எத்துணைச் செம்மையாகக் கணக்கிட்டாலும், பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அக்கணக்கால் பயனில்லை. நாழிக் கணக்கைத் திருமுக்கூடலிலிருந்தும், வாயில் திறந்த வரலாற்றை ஒரத்தநாட்டிலிருந்தும் கொள்வோமாயின், பள்ளி என்னும் சொல்லின் இருபொருளும் மீண்டும் ஒன்றாகும். தமிழ்நாட்டுச் சாலைகளையும் மடங்களையும் சத்திரங்களையும் பற்றிய கல்வெட்டுகள் இன்னும் பல உள. அவற்றின் நெற்கணக்குகளை ஒன்றுசேர்த்து ஒப்பிட்டு ஆராய்தல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.